ஆற்றிலிருந்து அள்ளிய வெப்பம்

வெப்பம் போகும் வழி – 11

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று போன வாரம் பார்த்தோம். அதையே திருப்பி ஓட்டி, வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்தால் ஹீட் பம்ப்.

இந்த வாரம் வகைகளைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காற்று, நீர், நிலம் என்று எதிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது என்பதை வைத்து மூன்று வகை. காற்றில் தொடங்குவதுதான் முறை. ஆனால் சூரிக் நகரின் ராட்ஹவுஸ் கட்டடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எனவே நீர் முந்திக்கொள்கிறது.

ராட்ஹவுஸ் என்பது சூரிக்கின் மன்றக் கட்டடம். லிம்மத் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. 1698-ல் கட்டி முடித்தார்கள். குளிர்காலத்தில் அறைக்கு அறை விறகு அடுப்பு எரியும். அதற்குப் பதில் நிலக்கரி எரிக்கலாம் என்றால், சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி அது கிடையாது, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். 1930-களின் கடைசியில் ஐரோப்பாவில் போர் எப்போது மூளுமோ என்ற நிலை. ஆனால் மலை நீரிலிருந்து எடுத்த மின்சாரம் கையில் இருந்தது. 1938-ல் விறகு அடுப்புகளுக்குப் பதிலாக ஒரு ஹீட் பம்ப் வந்தது. கட்டடத்தைச் சுற்றி ஓடும் அதே ஆற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, சூடேற்றும் குழாய்களுக்கு 60 டிகிரி வெந்நீர் கொடுத்தது.

கை வைத்தால் விறைத்துப்போகும் ஆற்றில் ஏது வெப்பம்? இந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அந்த இயந்திரத்தில் ஓடிய வாயு ஆர்-12. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட திரவத்துக்கு 4 டிகிரி ஆற்று நீர் கொதிக்கவைக்கும் அளவு சூடு. நீரின் வெப்பத்தை வாங்கி அது ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்த, அதன் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டைக் குழாய் நீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. ஒரு வால்வைக் கடந்ததும் அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, திரும்ப ஆற்று நீரைத் தேடி வருகிறது. லிம்மத், சூரிக் ஏரியிலிருந்து வழிந்து வரும் ஆறு என்பதும் தோதாக அமைந்தது. வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே போனாலும் ஆழமான ஏரியின் நீர் சில டிகிரி மேலேயே இருக்கும்.

இயந்திரம் எத்தனை காலம் உழைத்தது தெரியுமா? 63 ஆண்டுகள். உலகப் போர் முழுக்க ஓடியது, 2001-ல்தான் மாற்றினார்கள். மாற்றி வைத்ததும் இன்னொரு ஹீட் பம்ப்தான். ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது பிற்பாடு தெரிந்து, உலகமே அதைக் கைவிட்டது. அது அந்த வாயுவின் குறை, முறையின் குறை அல்ல.

லண்டனிலும் 1951-ல் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் அரங்குக்குத் தேம்ஸ் நதியிலிருந்து இப்படி வெப்பம் எடுத்தார்கள். கம்ப்ரசரைச் சுழற்றியது, போர் விமானங்களுக்காகச் செய்த மெர்லின் எஞ்சின்! தேவைக்கு மீறிய வெப்பம் வந்ததால் அது நிலைக்கவில்லை. அளவு பார்த்து வாங்கவேண்டும் என்பதற்கு இது பாடம்.

இனி ஆதாயம். காயில் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாக்கும். அதற்கு மேல் எப்படியும் முடியாது. ஹீட் பம்ப் அதே ஒரு யூனிட்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். எடுக்கும் இடத்துக்கும் கொடுக்கும் இடத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய லாபம் கூடும். கோடையில் திசையை மாற்றினால் அதே இயந்திரம் வீட்டைக் குளிர்விக்கும். வட இந்தியக் கடைகளில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி என்று விற்பது இதுதான்.

காற்று வகைக்கும் நில வகைக்கும் இடமில்லாமல் போயிற்று. குளிர் கடுமையான நார்வேயில் காற்றிலிருந்தே வீடுகளைச் சூடாக்குகிற கதையோடு அடுத்த வாரம் வருகிறேன். அதற்குள் கீசர் வாங்கப் போகிறவர்கள், கடையில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரின் விலையையும் விசாரியுங்கள். விலை கூடுதல்தான், வெளியே வைக்க இடமும் வேண்டும். ஆனாலும் தினமும் நிறைய வெந்நீர் செலவாகும் வீடென்றால், பத்து வருட மின்கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.