தூபிகளுக்குக் கீழே ஓர் ஊர்

சுன்னாகத்துக்கு மேற்கே கந்தரோடை என்றொரு சிற்றூர். அங்கு போவோர் முருகைக்கல்லால் ஆன சிறு தூபிகளைப் பார்ப்பர், "இவை யாருடையவை?" என்று வாதிடுவர், திரும்பிவிடுவர். அவற்றின் கீழே கிடக்கும் ஊரைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ் 1917இலும் 1919இலும் இவ்வூரின் தொல்பொருள்களைப் பற்றி எழுதினார். உரோம நாணயங்களோடு, கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் கிடைத்தன. நாணயத்தைவிட அந்த மைக்கோலே என் மனத்தில் நிற்கிறது. வீட்டுப் பெண்ணொருத்தியின் கை அதைப் பிடித்திருக்குமல்லவா?

1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் இங்கு அகழ்ந்தபோது, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை இவை ஒத்தவை. ஆக, தூபி எழுமுன்னரே இங்கு குடிகள் இருந்தனர். அவர்கள் வழிவந்தோரே பின்னர் பௌத்தராகித் தூபி கட்டினர் என்று கொள்வதில் வியப்பென்ன? மணிமேகலை பிறந்த மொழிக்குப் பௌத்தம் அந்நியமன்று.

கந்தரோடைத் தோட்டக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கொத்தும்போது பழைய ஓடு மேலே வந்தால் வரம்பில் வீசிவிடாதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். இடம் தெரியாத ஓட்டைக் கொண்டு ஆய்வாளர் அதிகம் சொல்ல முடியாது.