மீன் சட்டியைச் சுட்டு எடுத்த கதை

போன மாசம் திருத்துறைப்பூண்டி வீட்டுப் பரணில் அம்மாச்சியோட மீன் சட்டி கிடைத்தது. அவங்க போய் நாலு வருசம் ஆச்சு. முத்துப்பேட்டையில் இருந்து வரும் கொடுவா மீனுக்குன்னே வைத்திருந்த சட்டி. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுபிசுன்னு ஒரு படலம், கூடவே மூக்கைப் பிடிக்கிற காரல் வாடை. சாம்பல், சீயக்காய், பாத்திரம் தேய்க்கிற பவுடர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வெந்நீர் ஊற்றினால் வாடை திரும்ப வந்தது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்டா" என்றாங்க அம்மா. எனக்கு மனசு வரலை.

பெரியம்மாதான் வழி சொன்னாங்க. "தேய்க்கக் கூடாது தம்பி, சுடணும். அம்மாச்சி அப்படித்தான் பண்ணும்."

ஏன் தேய்த்தால் போகாது? மண்சட்டி முழுக்க நுண்துளைகள். எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். பல தடவை சூடேறிய எண்ணெய், காற்றோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. புது எண்ணெயைச் சோப்பு இழுத்து வரும், இந்தப் பிசினை இழுக்காது. போதாக்குறைக்குச் சோப்புத் தண்ணியும் துளைக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த குழம்பில் நுரைக்கும்.

சூடு வேறு மாதிரி வேலை செய்கிறது. 200 டிகிரி செல்சியஸ் தாண்டினால் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் சிதைந்து கரியாகும். 500 டிகிரி பக்கம், காற்றும் கிடைத்தால், அந்தக் கரியும் எரிந்து வாயுவாகப் போய்விடும். வெளிநாட்டில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்கள் இதே கணக்கில்தான் இயங்குகின்றன. ஜப்பானிய கமாடோ அடுப்பை ஒட்டி வந்த பீங்கான் கிரில்கள் உண்டு. 1974ல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் அதில் பிரபலம். அதன் உள்ளே வைக்கும் பீங்கான் தட்டில் கொழுப்பு சொட்டிப் படிந்தால், அதை வைத்திருப்பவர்களும் கழுவுவதில்லை, தீயை ஏற்றி எரித்துவிடுகிறார்கள்.

சட்டி தாங்குமா? சூளையில் அதைவிட அதிகச் சூட்டைப் பார்த்து வந்ததுதான் அது. உடைப்பது சூட்டின் அளவு இல்லை, சூடு ஏறுகிற வேகம். இதை நான் ஒரு பழைய மூடியைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டேன். கழுவின ஈரம் காயும் முன்னே வைக்கோல் தீயில் போட்டேன். அஞ்சே நிமிசம், 'டப்'புன்னு ரெண்டு துண்டு. துளைக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பிளந்திருக்கிறது. வைக்கோல் வேறு ஒரு பக்கம் மட்டும் குப்பென்று எரியும். சூடான பக்கம் விரியும், குளிர்ந்த பக்கம் விரியாது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸும் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும்.

அதனால் சட்டியை மூணு நாள் நல்ல வெயிலில் காய வைத்தேன். கொல்லையில் உமியைக் கொட்டி, நடுவில் சட்டியைக் கவிழ்த்து, சுற்றிலும் வரட்டி அடுக்கி, ஓரத்தில் நெருப்பு வைத்தேன். உமி கொழுந்துவிடாது, மெதுவாகக் கனிந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு ஏற்றும். முதலில் நாறும் புகை வந்தது. சட்டி கரேலென்று ஆனது. பிறகு கருப்பு விலகி மண் நிறம் தெரிந்தது. இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் சாம்பல் ஆறியபின்தான் எடுத்தேன். தண்ணி தெளித்து ஆற வைத்தால் வெடித்துவிடும்.

இதை வீட்டுக்குள்ளே செய்யாதீங்க, புகை அதிகம். எண்ணெய் தேங்கி நிற்கும் பாத்திரத்தை முதலில் துடைத்துவிடுங்க; தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீங்க. மெருகு பூசின பீங்கானுக்கு இது வேண்டாம், மேல்பூச்சில் கீறல் விழும்.

ஒரு இழப்பும் உண்டு. சட்டியில் ஊறும் கொழுப்பு ஆயிரக்கணக்கான வருசம் அழியாமல் இருக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் போன்ற ஆய்வாளர்கள் பழைய பானை ஓடுகளில் இருந்து அதைப் பிரித்தெடுத்துத்தான், அந்தக் காலத்தில் என்ன சமைத்தார்கள் என்று சொல்கிறார்கள். அம்மாச்சி வைத்த குழம்புகளின் அந்தத் தடயத்தை நான் ஒரே ராத்திரியில் எரித்துவிட்டேன். கொஞ்சம் உறுத்தியது.

ஒட்டாமல் காக்கும் பழைய எண்ணெய்ப் படலமும் போய்விட்டதால், சட்டியைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. வடிகஞ்சியை ரெண்டு நாள் ஊற்றிக் காய்ச்சினேன். அதிலுள்ள மாவுச்சத்து துளைகளை அடைக்கும். மூணாம் நாள் கொடுவா வாங்கி வந்து குழம்பு வைத்தோம். அடியில் லேசாக ஒட்டியது. "இன்னும் நாலு தரம் வச்சா சரியாயிடும்" என்றாங்க பெரியம்மா. அம்மா ஒண்ணும் சொல்லலை, ரெண்டாம் தரம் சோறு போட்டுக்கிட்டாங்க.