விடிகாலைத் தெர்மாமீட்டர்

மாத்திரையும் வேண்டாம், காப்பர் டியும் வேண்டாம் என்று நினைக்கும் தம்பதிகளில் சிலர் தெர்மாமீட்டரை நம்பிக் குடும்பக்கட்டுப்பாடு செய்கிறார்கள். நம்பலாம். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். உடல் சூட்டைச் சற்றே ஏற்றுவது அதுதான். ஏற்றம் மிகச் சிறியது: 97.3 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் 97.8 காட்டும். அடுத்த மாதவிலக்கு நெருங்கும்வரை சூடு அந்த அளவிலேயே இருக்கும்.

இவ்வளவு சிறிய மாற்றம் பகலில் பிடிபடாது. நாலு படி ஏறினாலே உடம்பு சூடாகிவிடும். அதனால் கண் விழித்ததும், காபிக்கு முன், எழுந்து உட்காருவதற்கும் முன், தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு தசமம் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நல்லது. ராத்திரி கண்விழிப்பு, காய்ச்சல், மது, பாராசிட்டமால் எல்லாமே கணக்கைக் குழப்பும். அப்படிப்பட்ட நாளைக் குறிப்பில் தனியாகக் காட்டிவிடுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள், அதற்கு முந்தைய ஆறு நாளின் எல்லா அளவுகளையும்விடச் சூடு கூடியிருந்தால், அதுவும் குறைந்தது 0.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு, முட்டை வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். அந்த மூன்றாம் நாள் மாலையிலிருந்து அடுத்த மாதவிலக்குவரை கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

பலரும் சறுக்குவது இதற்கு முந்தைய நாட்களில்தான். முட்டைக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். கருத்தரிக்க ஏற்ற நாட்களில் பெரும்பாலானவை சூடு ஏறும் முன்பே கடந்துவிடும். தெர்மாமீட்டர் முன்கூட்டி எச்சரிக்காது. எனவே இதை மட்டும் வைத்துக் கருவைத் தவிர்க்க நினைப்பவர்கள் மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து சூடு ஏறிய அந்த மூன்றாம் நாள் மாலைவரை விலகியிருக்க வேண்டும், அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாகிறதா என்பதையும் சேர்த்துக் கவனித்தால் கணிப்பு கூர்மையாகும். தேதியை மட்டும் வைத்துச் சொல்லும் செல்போன் செயலிகளை நான் நம்பச் சொல்லமாட்டேன்.

இயற்கை முறைகளைப் பின்பற்றும் 100 பெண்களில் முதல் ஆண்டில் 2 முதல் 23 பேர்வரை கருவுறக்கூடும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், எந்த முறை என்பதைப் பொறுத்தே இந்த வித்தியாசம். பாலூட்டுபவர்கள், பிசிஓடி உள்ளவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு உதவும். ஏறிய சூடு 18 நாள் தாண்டியும் இறங்கவில்லையென்றால், கர்ப்பப் பரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்துவிடலாம்.