ஆற்றை அரிந்து அளக்கலாம்!

மழைக்காலத்தில் செய்தி கேட்டால் ஒரு வரி தவறாமல் காதில் விழும்: “மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி.” பால்காரர் லிட்டரில் அளக்கிறார், அரிசிக்குப் படி இருக்கிறது. நிற்காமல் ஓடுகிற ஆற்றை எதை வைத்து அளப்பது?

பதில் தேட டெல்லிக்குப் போவோம், வாருங்கள்.

2023 ஜூலை 13. யமுனை பொங்கி, செங்கோட்டைக்குப் பக்கத்துச் சாலை வரை வந்துவிட்டது. பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டர். அதற்கு முந்தைய சாதனை 1978இல் பதிவான 207.49 மீட்டர். அபாய அளவு 205.33 மீட்டர். “அம்மாடி, 208 மீட்டர் ஆழமா!” என்று பயந்துவிடாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அது, ஆழம் அல்ல.

மட்டத்தை அளப்பது சுலபம். கரையிலோ பாலத்தூணிலோ அளவுகோல் போல் கோடு போட்டு வைத்துவிட்டால் போதும். ஆனால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, ஆற்றைக் குறுக்கே கத்தியால் வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு. மற்றொன்று, நீர் ஓடும் வேகம். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று வந்துவிடும்.

வெட்டுமுகம் சதுரமாக இருந்தால் ஒரே பெருக்கலில் வேலை முடிந்தது. ஆற்றின் அடித்தரை அப்படியா இருக்கிறது? இங்கே மேடு, அங்கே பள்ளம். எந்தச் சூத்திரத்துக்கும் அது அடங்காது. வளைகோட்டுக்குள் அடைபட்ட பரப்பைக் காண்பதைத்தான் பெரிய வகுப்பில் ‘தொகையிடல்’ என்பார்கள். சூத்திரம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

பாகற்காய் போல அரி

நம் நாட்டு ஆறுகளின் நீரோட்டத்தைக் கவனிப்பது மத்திய நீர் ஆணையம். தலைமையகம் டெல்லியில் இருக்கிறது. ஆற்றை அளப்பவர்கள் அதன் அகலத்தைப் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் கோலையோ எடை கட்டிய கயிற்றையோ இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். பிறகு, கிண்ணங்கள் பொருத்திய சுழலி ஒன்றை நீருக்குள் விடுகிறார்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் அதுவும் வேகமாகச் சுற்றும். சுற்றுகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

அதை எந்த ஆழத்தில் பிடிப்பது? மேல்நீர் விரைந்து ஓடும். அடிநீர் தரையில் உரசிக்கொண்டு மெல்ல நகரும். மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறங்கினால், அங்கே இருக்கும் வேகம் கிட்டத்தட்டச் சராசரி வேகம். ஒவ்வொரு பட்டைக்கும் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் ஆற்றின் கணக்கு வந்துவிடும்.

நாமும் ஒரு குட்டி ஆற்றை அளப்போமா? அகலம் 40 மீட்டர். நடுவில் ஆழம் 4 மீட்டர். கரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் ஆழம் 3 மீட்டர். கரையில் சுழி.

நான்கு பட்டைகள் போடுவோம். ஒவ்வொன்றின் அகலமும் 10 மீட்டர். கரையோரப் பட்டையில் ஆழம் 0, 3. சராசரி ஒன்றரை. அதைப் பத்தால் பெருக்கினால் 15. அடுத்த பட்டையில் ஆழம் 3, 4. சராசரி மூன்றரை. பரப்பு 35. மறுபாதியும் இப்படியே. மொத்தம் 15+35+35+15 = 100 சதுர மீட்டர். இந்த வழிக்குச் ‘சரிவக விதி’ என்று பெயர். சாய்ந்த தலை கொண்ட ஒவ்வொரு பட்டையும் ஒரு சரிவகம்தானே!

இரண்டே பட்டை போட்டிருந்தால் 80தான் வந்திருக்கும். எட்டுப் பட்டை போட்டால்? 5 மீட்டருக்கு ஒருமுறை ஆழம் 0, 1.75, 3, 3.75, 4, பிறகு அதே வரிசை திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள், 105 வரும்.

இந்த ஆற்றின் அடித்தரையை வேண்டுமென்றே பரவளைவாக வைத்தேன். ஏனென்றால் அதன் சரியான பரப்பு நமக்குத் தெரியும். சுற்றியுள்ள பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். பெட்டி 40×4 = 160. விடை ஏறத்தாழ 106.67.

இப்போது நம் பிழைகளை வரிசையாக எழுதுங்கள்: 26.67, 6.67, 1.67. ஒரு ஒழுங்கு தெரிகிறதா? பட்டைகளை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் பிழை கால்பங்காகக் குறைகிறது!

பிழையை வைத்தே பிழையைத் திருத்து

பிழை எப்படிக் குறைகிறது என்று தெரிந்தால், அதையே பிடித்துக்கொண்டு சரியான விடைக்குத் தாவலாம். 100ஐ நான்கால் பெருக்கி, 80ஐக் கழித்து, மூன்றால் வகுத்துப் பாருங்கள். 320ஐ மூன்றால் வகுத்தால் 106.67! தப்பான இரண்டு விடைகள் சேர்ந்து சரியான விடையைத் தந்துவிட்டன. எல்லா வளைகோட்டுக்கும் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் விடை வெகுவாக நெருங்கிவிடும்.

இந்த உத்தியைப் பரப்பியவர் லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். வானிலையையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று துணிந்தவரும் அவர்தான். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபடியே, 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மாறியது என்று கையால் கணக்கிட்டார். 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை! அவர் அதை மறைக்கவில்லை. 1922இல் வந்த தம் புத்தகத்தில் முழுக்கணக்கையும் அச்சிட்டார். வழி சரிதான், தொடக்க அளவுகளில்தான் கோளாறு என்பது பின்னால் விளங்கியது.

பக்கத்து வீட்டைக் கேள்

வானிலைக் கணக்கில் காற்றைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்தே மாறும். அதனால் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சமன்பாடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். அந்த எண்களை நிரை, நிரலாக அடுக்கினால் கிடைப்பதுதான் ‘அணி’.

இதையும் குட்டியாகப் பார்ப்போம். ஓர் இரும்புக் கம்பி. இடது முனை ஐஸில், 0 டிகிரி. வலது முனை சுடுநீரில், 40 டிகிரி. இடையில் சம தூரத்தில் மூன்று புள்ளிகள். சூடு பரவி நிலைத்தபின், ஒவ்வொரு புள்ளியின் வெப்பமும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளின் சராசரி. மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் மூன்றுமே 0 என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றையும் அழித்துவிட்டுப் பக்கத்துச் சராசரியை எழுதிக்கொண்டே போங்கள்.

முதல் சுற்று: 0, 0, 20.
இரண்டாம் சுற்று: 0, 10, 25.
மூன்றாம் சுற்று: 5, 15, 27.5.
நான்காம் சுற்று: 7.5, 17.5, 28.75.

எங்கே போகிறது என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆம், 10, 20, 30தான் விடை. நடு எண்ணை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் சுற்றில் 10 குறைவு, மூன்றாவதில் 5, நான்காவதில் இரண்டரை. சுற்றுக்குச் சுற்று பிழை பாதியாகிறது. கணித மேதை காஸ் இப்படிப்பட்ட ஒரு முறையைப் பற்றி 1823இல் தம் மாணவருக்குக் கடிதம் எழுதினார். அரைத்தூக்கத்தில்கூட இதைப் போடலாம் என்றார்!

மூன்று புள்ளி என்றால் நாம் போடலாம். லட்சக்கணக்கான கட்டங்களுக்குக் கணினி வேண்டும். 1980களின் இறுதியில், வானிலைக் கணக்குக்காகவே அமெரிக்காவின் கிரே எக்ஸ்-எம்பி சூப்பர் கணினி டெல்லி லோதி சாலைக்கு வந்தது. இன்று டெல்லியை ஒட்டிய நொய்டாவில் ‘அருணிகா’ இருக்கிறது. விநாடிக்கு 8.24 பெட்டாஃப்ளாப் வேகம். அதாவது ஒரு விநாடியில் எட்டாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். 2025 மே மாதம் வெளியான பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகச் சுருங்கியது. நம் ஆற்றில் பட்டைகளை இரட்டிப்பாக்கினோமே, அதே யோசனைதான்!

ஆகவே, தோராயமாகக் கணக்கிடுவது சோம்பேறி வேலை அல்ல. விடை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துகொண்டே அதை நெருங்கிப் பிடிக்கும் வேலை அது.

உங்களுக்கு ஒரு வேலை. அதே இரும்புக் கம்பிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை மூன்று புள்ளிகளும் 100 டிகிரி என்று, வேண்டுமென்றே தப்பாக ஊகித்துத் தொடங்குங்கள். ஆறு சுற்று போட்டு, எண்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.