மடு யாத்திரையும் அவசர சிகிச்சையும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15ஆந் திகதி மருதமடு அன்னையின் பெருவிழாவுக்கு இலங்கையின் நான்கு திசைகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் மன்னார் மாவட்டத்துக் காட்டினுள்ளே வந்து கூடுகின்றனர். மரநிழலிற் கூடாரம் அடித்து, வெறுந் தரையிலே பாய் விரித்து, நாட்கணக்காகத் தங்குவது இந்த யாத்திரையின் மரபு. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தோடு வந்த அடியார்க்கு அடைக்கலம் தந்தது இக் காடே என்பர். அடைக்கலம் தந்த அதே காடு அரவங்களுக்கும் உறைவிடமாகும். மடு மண் பாம்பின் விடத்தை முறிக்கும் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருப்பதும், யாத்திரிகர் அம் மண்ணை முடிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் இதனாலேயே போலும்.

அந்த அச்சம் வீண் அச்சமன்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் வீடு வீடாக நடந்த ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது என்றும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேரின் உடலில் விடம் வேலை செய்கின்றது என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. கடிபட்டவருள் பெரும்பாலோர் பிழைப்பது இதனாற் புலனாகும். ஆனால் பிழைப்பவர் யார், பிழையாதவர் யார் என்பது கடித்த அந்தக் கணத்தில் எவருக்கும் தெரியாது. அதனை அறிவதற்குரிய இடமே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

மற்றை இடங்களில் முந்தி வந்தவர்க்கு முதலிடம். இப் பிரிவிலோ உயிருக்கு மிக அண்மையில் ஆபத்து உள்ளவர்க்கே முதலிடம். காலில் முள் தைத்தவர் விடியற்காலையிலிருந்தே காத்திருக்கலாம். மூச்சுத் திணறுபவர் வந்தவுடன் அவரே உள்ளே அழைக்கப்படுவார். மூச்சு வழி திறந்திருக்கின்றதா, சுவாசம் சீராக நடைபெறுகின்றதா, குருதியோட்டம் குன்றவில்லையா என்ற மூன்றையும் நோக்கிய பின்னரே ஏனையவை ஆராயப்படும்.

பாம்பு கடித்தவரிடம் செய்யப்படும் ஒரு சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயிற் சிறிது குருதியை எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சரித்துப் பார்ப்பார்கள். குருதி உறையாமல் ஓடுமாயின், கண்ணாடி விரியன் போன்றவற்றின் விடம் உடலிற் பரவிவிட்டது என்று கொள்ளலாம். பெரிய ஆய்வுகூடம் இல்லாத சிற்றூர் வைத்தியசாலையும் இதனைச் செய்ய இயலும்.

கட்டுவிரியனின் போக்கு வேறு. அது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால், கடித்ததே தெரியாமற் போவதுண்டு. சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், இமைகள் தாமாகவே சரியும், விழுங்குதல் அரிதாகும், ஈற்றிற் சுவாசத் தசைகள் ஓய்ந்துவிடும். இந் நிலை வந்தபின் விடமுறி மருந்து மட்டும் போதாது. காற்றுப் பையைக் கையால் அமுக்கியேனும் மூச்சைக் காத்து, செயற்கைச் சுவாசக் கருவியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியைச் சேர்ப்பிக்க வேண்டும். அங்கே சில நாட்கள் மூச்சைத் தாங்கிக் கொடுத்தால், நோயாளி முற்றாகத் தேறி எழுவதும் உண்டு.

விடமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகின்றது. குதிரையின் குருதியிலிருந்து ஆக்கப்படுவதால், அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். கடிபட்ட எல்லோர்க்கும் அதனை உடனே ஏற்றாமல், விடத்தின் அறிகுறி கண்ட பின்னரே கொடுப்பது இதனாலேதான். முன்னதாகச் சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் அந்த ஆபத்துக் குறையும் என்று இலங்கை மருத்துவர் 1,007 நோயாளரிடம் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். "மருந்து போடாமற் படுக்க வைத்திருக்கிறார்களே" என்று உறவினர் சினப்பதுண்டு. அவ்வாறு படுக்க வைத்துக் கண்காணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வைத்தியசாலையை அடையும்வரை செய்ய வேண்டியவை சிலவே. கடிபட்டவரை நடக்க விடாமற் கிடத்துக. கடிபட்ட கையையோ காலையோ அசையாது தாங்குக. மோதிரம், மெட்டி, காப்பு முதலியவற்றைக் கழற்றுக. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் தீங்கே. பாம்பைத் தேடி அலைவதும் வேண்டாம். அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் தீர்மானிக்க வல்லவர். 1990 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் காவு வண்டி வரும். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய இச் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் விரிந்தது.

மடு மண்ணை நெற்றியில் இடுவதை எந்த மருத்துவரும் தடுக்கப் போவதில்லை. அஞ்சிய உள்ளத்துக்கு அது ஆறுதல். காயத்தின்மேல் மண்ணைப் பூசுவதும், பூசிவிட்டு விடியும்வரை காத்திருப்பதுமே தவறு. நம்பிக்கை நோயாளியின் கூடவே வண்டியில் ஏறி வரலாம். ஆனால் வண்டியை அது தாமதிக்கச் செய்தலாகாது. காட்டிற் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வைத்தியசாலையின் கையிலிருந்து பறிபோகும் நிமிடமே.