உப்பில் முளைக்கும் புல்!

உப்பு மண்ணில் புல் முளைக்குமா? "முளைக்காது" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால், குஜராத்தில் முளைக்கிறது!

அங்கே கட்ச் மாவட்டத்தில், புஜ் நகருக்கு வடக்கே 'பன்னி' என்ற புல்வெளி இருக்கிறது. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை 'ரண்' என்னும் உப்புப் பாலைவனம்.

பன்னியில் மழை குறைவு. ஆனால் தரை தட்டையானது. பெய்த மழையும், தெற்கே இருந்து வரும் ஆற்று நீரும் அங்கேயே தேங்கிவிடும். பிறகு வெயிலில் வற்றும். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்!

செடியின் தந்திரம்

சில புற்கள், வேர் வழியாக ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். அந்த இலைகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். உமரிச் செடியின் வழி வேறு. அது தடித்த இலைகளில் தண்ணீரைச் சேர்த்துவைத்து, உப்பின் கடுமையைக் குறைத்துக்கொள்ளும். நம் கடலோரத்திலும் உமரி உண்டு.

பன்னிப் புல்லை நம்பி வாழ்பவர்கள் மால்தாரிகள். 'மால்தாரி' என்றால் கால்நடை உடையவர் என்று பொருள். அவர்கள் வளர்க்கும் பன்னி எருமை இரவில் மேயப் போகும். காலையில் தானே வீடு திரும்பும். 2010-ல் அது தனி இனமாகப் பதிவு செய்யப்பட்டது.

வந்தது வினை!

உப்புப் பாலைவனம் பரவாமல் தடுக்க, 1961-ல் வனத்துறை ஒரு மரத்தை நடத் தொடங்கியது. எந்த மரம் தெரியுமா? நம் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேல மரம்!

அதன் காய் இனிப்பானது. கால்நடைகள் அதைத் தின்றன. சாணத்தோடு விதை எங்கும் பரவியது. புல்வெளி முட்காடாக மாறியது. பசுக்களுக்கு அந்தக் காய் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே பசு வளர்ப்பது குறைந்தது. எருமை வளர்ப்பது பெருகியது.

மரத்தால் பயனே இல்லையா? உண்டு. அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கும் ஏழைகளும் அங்கே இருக்கிறார்கள். மரம் போனால் அவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

மரத்தை வேரோடு களைந்த இடங்களில், மழைக்குப் பின் புல் மறுபடியும் தழைக்கிறது. உப்பை வென்ற புல்லுக்கு, முள்ளை வெல்ல மனிதர்தான் கை கொடுக்க வேண்டும்.