ஆள் இல்லாத எக்ஸ்சேஞ்ச்

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜருக்குச் சவ அடக்கம் நடத்திக்கொடுக்கும் தொழில். ஊரில் சாவு விழுந்தால் டெலிபோனில் கூப்பிடுவார்கள். ஆனால் அழைப்பு அவருக்கு வராமல் போட்டிக்காரருக்கே போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த பெண், அந்தப் போட்டிக்காரரின் மனைவியாம். வேண்டுமென்றே திருப்பிவிடுகிறாள் என்று ஸ்ட்ரோஜர் நம்பினாராம். மனைவியா, உறவுக்காரியா என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம் உண்டு. அந்தப் பெண்ணின் தரப்பை யாரும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை. ஸ்ட்ரோஜர் புகார் எழுதிச் சலித்துப்போய் உட்காராமல், நடுவில் ஆளே இல்லாத எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்ய முனைந்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

நடுவில் ஆள் ஏன் வேண்டியிருந்தது? டெலிபோன் வந்த புதிதில் இரண்டு வீட்டுக்கு நடுவே நேராகக் கம்பி இழுத்தார்கள். நூறு வீடு ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் இப்படி 4,950 கம்பி வேண்டும். அதனால் எல்லாக் கம்பியையும் ஓரிடத்தில் கொண்டுவந்து முடித்து, கேட்டவருக்குக் கேட்ட கம்பியைச் செருகிக் கொடுக்க ஓர் ஆளை வைத்தார்கள். 1878 ஜனவரியில் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு இப்படி ஒரு வணிக எக்ஸ்சேஞ்ச் திறந்தது. முதலில் பையன்களை வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் வாய்த்துடுக்கு தாங்காமல் பெண்களுக்கு மாறினார்கள்.

ஸ்ட்ரோஜர் 1889இல் விண்ணப்பித்து 1891 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். சட்டைக் காலர் வைக்கும் வட்டப் பெட்டியில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி முதல் மாதிரியைச் செய்து பார்த்தார் என்பார்கள். பின்னாளில் நிலைத்த வடிவத்தைச் சொன்னால் அந்த யோசனை சட்டென்று பிடிபடும்.

அரைவட்டமாக வளைந்த ஒரு சுவர். அதில் பத்து மாடி. மாடிக்குப் பத்துத் தொடுபுள்ளி. ஆக நூறு புள்ளி, நூறு டெலிபோன். நடுவே ஒரு தண்டு, அதில் நீட்டிய ஒரு கை. நீங்கள் 47 என்று சுழற்றுகிறீர்கள். டயலை நான்கில் விரல் வைத்து இழுத்துவிட்டதும், அது திரும்பி வருகிற வேகத்தில் கம்பியில் ஓடும் மின்சாரம் நான்கு முறை அறுபடுகிறது, நொடிக்குப் பத்து என்ற கணக்கில். ஒவ்வொரு அறுபடலுக்கும் ஒரு மின்காந்தம் தண்டின் பல்லைப் பிடித்து ஒரு மாடி உயர்த்துகிறது. நான்காம் மாடியில் தண்டு நின்றுவிடும். அடுத்து ஏழு. இப்போது வேறொரு மின்காந்தம் அதே தண்டை ஏழு படி பக்கவாட்டில் திருப்புகிறது. கை போய்த் தொடுகிற புள்ளிதான் 47ஆம் எண் வீடு. டயலில் பூஜ்யம் கடைசியில் இருப்பதற்கும் இதுவே காரணம்: பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு, அதாவது பத்தாம் மாடி.

நூறுக்கு மேல் போனால் முன்னால் இன்னொரு சுவிட்ச். அது ஓர் இலக்கத்தை வாங்கி மாடி ஏறும். பிறகு யாரும் சொல்லாமலே பக்கவாட்டில் நகர்ந்து, சும்மா இருக்கும் அடுத்த சுவிட்சைத் தேடிப் பிடித்து மீதி எண்ணை அதனிடம் ஒப்படைக்கும். தொடர் ஓட்டப்பந்தயத்தில் கோல் கை மாறுவது போலத்தான்.

1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் ஸ்ட்ரோஜர் முறையில் முதல் எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது. அப்போது டயல் கிடையாது. பொத்தானை எண்ணி எண்ணி அமுக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் அழைப்பும் தப்பும். வட்ட டயலை 1896இல் அவருடைய கம்பெனிப் பொறியாளர்கள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் ஸ்ட்ரோஜர் தன் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார். இருபது ஆண்டு கழித்து அவை 25 லட்சம் டாலருக்குக் கைமாறின. 1902இல் இறந்துபோன அவர் அதைப் பார்க்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த சுவிட்சுகள் இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாய் வரை தடதடத்தன; பெங்களூரில் ஐ.டி.ஐ. தயாரித்துக் கொடுத்தது. பழைய படங்களில் மிரட்டல் போன் வந்தால் போலீஸ்காரர், “பேச்சை வளர்த்துக்கிட்டே இருங்க” என்று சைகை காட்டுவாரே, அதற்கும் விளக்கம் இந்தத் தண்டில்தான் இருக்கிறது. பேசி முடியும்வரை வழியிலுள்ள ஒவ்வொரு தண்டும் ஏறிய இடத்தில் அப்படியே நிற்கும். ஊழியர் ஒருவர் அலமாரி அலமாரியாக நடந்து, எந்தக் கை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பார்த்துப் பின்னோக்கியே போனால் கூப்பிட்டவர் வீடு வரை போய்விடலாம். கூப்பிட்டவர் ரிசீவரை வைத்ததுமே தண்டுகள் அத்தனையும் சடசடவென்று கீழே இறங்கிவிடும்.